ஒரு வீட்டில் இரண்டு ஏழு மணி

மருந்து கட்டிக் கொடுக்கும் மேசைக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தெரியும்: சீசாவை நீட்டும் கை ஒரு நோயைச் சொல்லும், வாய் வேறொரு நோயைச் சொல்லும், உண்மையில் வந்த நோயோ வெளியே நடைபாதையில் நின்று உள்ளே வரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்.

ஜப்பான்காரர் ஆண்ட காலத்தில் பினாங்கில் நான் அப்படி மூன்றரை ஆண்டு நின்றேன். சிங்கப்பூரில் கல்லூரியில் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தவள். டிசம்பர் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்த இடத்தில் போர் வந்தது. அந்த விடுமுறை இன்னும் முடியவில்லை. பினாங்கு ரோட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் டாக்டர் எஸ்தர் என்ற பெண் மருத்துவர் டிஸ்பென்சரி வைத்திருந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், ஐம்பதை நெருங்கியவர். அங்கே கம்பவுண்டராக இருந்த மொய்தீன் அண்ணன் எனக்குப் பொடி மடிக்கவும், மிக்ஸ்சர் சீசாவில் வேளைக்கு வேளை அளவு காட்டும் காகிதத்தைப் பல் பல்லாக வெட்டி ஒட்டவும் கற்றுக்கொடுத்தார். கவிதை படித்த கைக்கு அது ஒன்றும் அந்நியமான வேலையாக இல்லை. இரண்டிலும் அளவு தவறினால் ஆள் காலி.

இதைப் படிக்கும் உங்களில் பலர் மாதவிலக்கு நிற்கும் வயதைத் தாண்டியிருப்பீர்கள், அல்லது அந்த வயதைத் தாண்டும் ஒருத்தியோடு ஒரே வீட்டில் இருப்பீர்கள். இரு தரப்பாரையும் நான் என் இனமாகவே எண்ணுகிறேன்.

உள்ளே போன அடுப்பு

அந்த வயதுப் பெண்கள் யாரும் நேராகச் சொல்ல மாட்டார்கள். ஒருத்தி தலை கிறுகிறுப்பு என்பாள். ஒருத்தி வாயு என்பாள். ஒருத்தி பேயே பிடித்திருக்கிறது என்று சொல்லி, பேய்க்கு ஏதாவது மிக்ஸ்சர் உண்டா என்று கேட்டாள். நான் ஒவ்வொருவருக்கும் நாற்காலி போட்டு, விசிறியைக் கையில் கொடுத்து, டாக்டரிடம் அனுப்புவேன். விசிறியை வாங்கும் வேகத்திலேயே நோய் தெரிந்துவிடும்.

கோயில் பக்கம் பூ விற்ற முனியம்மா ஒரு காலை வந்தார். கூடையை இறக்கிவைத்த மறுநிமிடம் கழுத்திலிருந்து நெற்றிவரை சிவப்பு ஏறியது. முத்து முத்தாக வேர்த்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தணிந்தது. டாக்டர் நாடி பார்த்தார், நிறையக் கேட்டார், இது நோய் இல்லை, உடம்பு ஒரு வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறது, இரண்டொரு வருடத்தில் தானே அடங்கும், மெல்லிய துணி உடுத்து, பிடரியில் ஈரத்துணி போட்டுக்கொள் என்று சொல்லி அனுப்பினார். மருந்து ஒன்றும் எழுதவில்லை. முனியம்மாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம். கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்:

“ஓய்வுன்னு சொல்றாங்க டாக்டரம்மா. எனக்கு என்னவோ அடுப்பு ஒண்ணு உள்ள போயிட்ட மாதிரி இருக்கு. வெறகு வைக்கிறது யாருன்னு தெரிஞ்சா ஒரு வார்த்தை கேட்டுருவேன்.”

லேபிளின் முதுகு

மருந்து இல்லாமல் இல்லை. அந்த வயதுக்குக் கொடுக்கும் ஹார்மோன் மாத்திரை அப்போது உலகத்துக்கே புதிது. போருக்கு முந்திய கடைசிக் கப்பலில் எங்களுக்கு மூன்று சீசா வந்திருந்தன, சீசாவுக்கு நூறு மாத்திரை. பினாங்குக் காற்றில் ஒரு சீசாவைத் திறந்து பத்துப் பேருக்குப் பிரித்துக் கொடுத்தால், முதல் ஆள் மருந்து தின்பாள், பத்தாவது ஆள் ஈரமாவு தின்பாள். ஆகவே ஒரு சீசா ஒருத்திக்கே என்று டாக்டர் வைத்திருந்தார். இரண்டு சீசாக்களை கெப்பாலா பத்தாஸ் பக்கத்துப் பெண் ஒருத்திக்கு ஒதுக்கியிருந்தார். இருபத்தெட்டு வயதில் அறுவை செய்து சூலகங்களை எடுத்துவிட்டார்கள். பாதி வயதில் அந்தி வந்துவிட்ட பெண். அவளுக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. மிச்சம் ஒரே ஒரு சீசா.

அதற்காக வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் டாக்டர் ஒரு காரியம் செய்வார். காகிதப் பஞ்சம். விளக்கெண்ணெய்க்கு அச்சடித்த பழைய லேபிள் ஒன்றைத் திருப்பி நடுவில் கோடு போடுவார். இடப்பக்கம் நன்மை, வலப்பக்கம் கெடுதல். பெண் பேச வேண்டும், டாக்டர் எழுதுவார். இடப்பக்கத்தில் தூக்கம், வியர்வை, படபடப்பு, வேலை. வலப்பக்கத்தில் குமட்டல், மார்பு வலி, நின்ற ரத்தம் மறுபடி வருதல். எல்லாவற்றுக்கும் கீழே ஒரு கேள்விக்குறி போடுவார். உடம்பில் எங்காவது தூங்கும் கட்டியை இந்த மருந்து எழுப்பிவிடுமோ என்ற சந்தேகம் அப்போதே மருத்துவர்களுக்கு இருந்தது. உறுதியாக யாருக்கும் தெரியாது. தெரியாததையும் வலப்பக்கத்தில் எழுத வேண்டும் என்பார் அவர். இன்று மருந்து வேறு, அளவு வேறு, சோதனைகள் வேறு. இந்தக் கிழவி சொன்னாள் என்று யாரும் மாத்திரையை விழுங்கவும் வேண்டாம், வீசவும் வேண்டாம்.

ஒவ்வொரு லேபிளுக்கும் அரை மணி நேரம் ஆகும். பெரும்பாலோர் எழுதி முடித்ததும், வேண்டாம் டாக்டர், பொறுத்துக்கொள்கிறேன் என்று எழுந்துவிடுவார்கள். வரிசை நடைபாதை தாண்டித் தெருவுக்கு வந்துவிடும். உரலில் எதையோ இடித்துக்கொண்டே மொய்தீன் அண்ணன் ஒரு நாள் மலாய்க்காரர் போல ‘லா’ சேர்த்துச் சொன்னார்:

“தங்கக் கடையில கூட தராசு இவ்வளவு நேரம் ஆடாது லா, தங்கச்சி.”

சரஸ்வதி டீச்சரின் இரண்டு பக்கம்

சரஸ்வதி டீச்சர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், எங்களைப் போல. பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவர். நாற்பத்தேழு வயது. ஜப்பான்காரர் வந்ததும் ஆசிரியர்கள் எல்லாரும் நிப்போங்கோ, அதாவது ஜப்பானிய மொழி, படித்துப் பரீட்சை எழுத வேண்டும் என்று உத்தரவு வந்தது. தேறாவிட்டால் வேலை போகும். வேலையோடு அந்த வேலையின் பெயரில் கிடைக்கும் ரேஷன் அரிசியும் போகும். டீச்சரின் வீட்டில் அவரும் கணவரும் மட்டும் இல்லை. மார்பில் கட்டி வந்து இறந்துபோன அக்காவின் மூன்று பிள்ளைகளும் அங்கேதான் வளர்ந்தார்கள்.

டீச்சருக்குத் தூக்கம் போய் ஆறு மாதம். இரவெல்லாம் தலையணையைத் திருப்பித் திருப்பிப் போட்டுவிட்டு, காலையில் எழுத்துகளைப் பார்த்தால் ஒன்றும் ஒட்டவில்லை. வகுப்பில் கரும்பலகை முன் நிற்கும்போது முகம் பற்றி எரிகிறது. போன வாரம் ஏழாம் வாய்ப்பாடே மறந்துபோனது என்று சொன்னபோது அவர் குரல் உடைந்தது. அதுவரை உடையவில்லை.

டாக்டர் லேபிளைத் திருப்பிக் கோடு போட்டார். வலப்பக்கத்தில் அக்காவின் பெயரைத் தானே எழுதினார். ஒரே வயிற்றில் பிறந்தவருக்கு வந்தது உங்களுக்கும் வரலாம், இந்த மாத்திரை அதைத் தூண்டுமா என்று எனக்குத் தெரியாது, தெரியாமல்தான் கொடுக்க வேண்டியிருக்கும் என்றார். மார்பைச் சோதித்தார், ஒன்றும் இல்லை. பரீட்சை வரைக்கும் மட்டும், மாதம் ஒரு தரம் சோதனைக்கு வரவேண்டும், ஒரு துளி ரத்தம் கண்டாலும் அன்றே வரவேண்டும் என்று நிபந்தனைகள் போட்டார். டீச்சர் அந்தச் சிறு காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார்:

“வலப்பக்கம் என்ரை அக்கா நிக்கிறா. இடப்பக்கம் அக்கா விட்டிட்டுப் போன மூண்டு பிள்ளையள் நிக்கினம். பிள்ளையளின்ரை பக்கம் தாங்கோ, டொக்டர்.”

கடைசிச் சீசாவுக்கு லேபிள் எழுதியது நான்: தினமும் காலை ஏழு மணிக்கு ஒன்று.

கோபத்துக்கு மருந்து

அந்தச் சீசா போன மறுநாளே ஜவுளி வியாபாரி ஒருவர் வந்தார். மனைவிக்கு நாற்பத்தெட்டு வயதாம். எதைச் சொன்னாலும் எரிந்து விழுகிறாளாம். பெண்களைச் சாந்தப்படுத்தப் புது மாத்திரை இருக்கிறதாமே, ஒரு சீசா வேண்டும் என்றார். மனைவியை அழைத்து வந்தீர்களா என்று டாக்டர் கேட்டார். அவளுக்கு எங்கே நேரம் என்றார் அவர்.

டாக்டர் பொறுமையாக விசாரித்தார். குண்டு விழுந்த நாளிலிருந்து வியாபாரியின் அம்மாவும், இரண்டு தம்பிகளும், அவர்கள் குடும்பங்களும் அதே வீட்டில். பதினான்கு பேர். மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. உரிப்பது, அவிப்பது, இடிப்பது எல்லாம் அந்த அம்மாள். வியாபாரி போகிற போக்கில் ருசி போதவில்லை என்றும் சொல்வாராம். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்:

“மாத்திரை தீர்ந்துவிட்டது. இருந்தாலும் கொடுக்க மாட்டேன். உங்கள் மனைவியின் கோபத்துக்குக் காரணத்தைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லலாமென்றால், அது ஏற்கெனவே வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறது.”

க, கி, கு

பதினைந்து நாளில் சரஸ்வதி டீச்சர் டிஸ்பென்சரி வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தார். முகத்தில் பழைய கணக்கு டீச்சர் திரும்ப வந்திருந்தார். ராத்திரி படுத்தால் விடியத்தான் விழிப்பாம். ஜப்பானிய எழுத்து வரிசை நம்முடைய க, கி, கு, கெ, கொ போலவே வருகிறது, இவ்வளவு நாள் இது எனக்குத் தெரியாமல் போயிற்றே என்று வியந்தார். மேசைமேல் விரலால் தட்டித் தட்டி ஒப்பித்தும் காட்டினார். மொய்தீன் அண்ணன் உரலை நிறுத்திவிட்டுக் கேட்டார். நானும் கேட்டேன். எந்த மொழியானாலும் ஒருவர் மகிழ்ச்சியோடு ஒப்பிக்கும்போது அதில் ஒரு சந்தம் வந்துவிடுகிறது.

வேறு தொந்தரவு உண்டா என்று கேட்டேன். கொஞ்சம் குமட்டல், மார்பில் லேசான நோவு என்றார். டாக்டரிடம் சொன்னேன். அது இந்த மாத்திரையோடு வருவதுதான், பார்த்துக்கொள்ளலாம் என்றார். கிளம்பும்போது டீச்சர் சொன்ன வேறொன்றை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது எல்லார் வீட்டிலும் வறுத்த மரவள்ளியோ சோளமோதான் காப்பி. அதில் ருசிக் குறை சொல்வது ஒரு நோயறிகுறி என்று எனக்கு எப்படித் தோன்றும்?

“நித்திரை வந்திட்டுது, எழுத்து வந்திட்டுது. இவர் விடியக் காலமை போட்டுத் தாற கோப்பிதான் வாய்க்குப் பிடிக்கேல்லை, பிள்ளை. அதிலை இப்ப ஒரு சுண்ணாம்பு வாசம்.”

நாற்பதாம் நாள்

நாற்பதாம் நாள் காலை நான் கதவைத் திறக்கும்போதே டீச்சர் நடைபாதையில் நின்றார். குடையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். மழை இல்லை. அன்று காலை மாத்திரையை விழுங்கியபின் பார்த்தாராம், ரத்தம். மாதவிலக்கு நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது.

டாக்டர் அவரை வெகுநேரம் சோதித்தார். வெளியே வந்தபோது டாக்டரின் முகத்தில் நான் படிக்கக்கூடிய எதுவும் இல்லை. எங்கள் முன்னால் வைத்தே டீச்சரிடம் நேராகச் சொன்னார். இது மாத்திரையால் வந்திருக்கலாம். ஆனால் நாளுக்கு ஒரு மாத்திரைக்கு இந்த ரத்தம் அதிகம். கர்ப்பப்பையில் வேறு ஏதேனும் வளர்வதாலும் இருக்கலாம். இன்றோடு மாத்திரை நிறுத்தம். ரத்தம் நிற்கவில்லை என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்து சுரண்டிப் பார்க்க வேண்டும். பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் அப்போது ராணுவத்தார். உள்ளே போனவர் எப்போது வெளியே வருவார் என்று யாரும் நாள் குறிக்க முடியாது.

நாளைக்குச் சீசாவையும் கொண்டு வாருங்கள், உங்கள் கணவரையும் அழைத்து வாருங்கள் என்றார் டாக்டர். டீச்சர் தலையாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பி வந்தார். கேட்க வேண்டாம் என்று வழியெல்லாம் பிடித்து வைத்திருந்த கேள்வி அது என்று நினைக்கிறேன்.

“அக்காவின்ரை முறை முடிஞ்சு என்ரை முறை வந்திட்டுதோ, டொக்டர்?”

எண்ணும் தட்டு

மறுநாள் இருவரும் வந்தார்கள். கணவர் கந்தையா துறைமுக அலுவலகத்தில் கிளார்க். ஒல்லியான, மடிப்புக் கலையாத மனிதர். தெருமுனை ஜப்பானியக் காவல்காரனுக்குக் குனிந்து குனிந்து பழகிப்போய், டாக்டருக்கும் அப்படியே இடுப்புவரை குனிந்தார்.

டாக்டர் சீசாவை என்னிடம் நீட்டி, எண்ணு என்றார். அது கரும்பழுப்புச் சீசா, மேலே பஞ்சு. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது. மாத்திரை எண்ணும் தட்டில் கொட்டி ஐந்து ஐந்தாக ஒதுக்கினேன். நூறில் நாற்பது போனால் அறுபது. தட்டில் இருபத்தைந்து இருந்தது. மறுபடி எண்ணினேன். இருபத்தைந்துதான்.

“நான் நாளுக்கு ஒண்டுதான் எடுத்தனான், டொக்டர். லேபிளிலை போட்டபடி, ஏழு மணிக்கு,” என்றார் டீச்சர்.

கந்தையா மெல்ல இருமினார். “ஏழு மணிக்கு நீர் எடுக்கிறேல்லை, சரசு. நான் பாத்தனான்.”

“நீங்கள் கந்தோருக்குப் போன பிறகுதானே ஏழு மணி அடிக்கும்?”

டாக்டரின் பேனா நின்றது. உங்களுக்கு இதை விளக்க வேண்டும். ஜப்பான்காரர் வந்த வேகத்தில் எங்கள் கடிகாரங்களை எல்லாம் டோக்கியோ நேரத்துக்கு, ஒன்றரை மணி நேரம் முன்னால், தள்ளச் சொன்னார்கள். அலுவலகம், பள்ளி, டிஸ்பென்சரி எல்லாம் அந்த நேரம். ஆனால் வீட்டுக்குள் பலர் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். பத்து மணிக்கு வா என்றால் பாதி நோயாளிகள் பதினொன்றரைக்கு வருவார்கள். டீச்சர் வீட்டுச் சுவர்க் கடிகாரம் அவர் அப்பா கொடுத்தது. அப்பா வைத்த நேரத்தை யாரும் தொடக்கூடாது என்பது டீச்சரின் கட்டளை. கந்தையாவின் கைக்கடிகாரத்தில் ஏழு மணி என்பது சுவரில் ஐந்தரை. சுவரில் ஏழு அடிக்கும்போது கைக்கடிகாரத்தில் எட்டரை. அதற்குள் அவர் சைக்கிளில் துறைமுகம் போய்ச் சேர்ந்திருப்பார்.

“சுவரிலை ஒரு மணிக்கூடு இருக்கிறது உங்களுக்குத் தெரியாதே?” என்றார் டீச்சர்.

“அதை நான் மணிக்கூடு எண்டு நினைக்கிறேல்லை. மாமாவின்ரை படம் மாதிரி.”

டாக்டர் கேட்டார்: “சரி, ஏழு மணிக்கு அவர் எடுக்கவில்லை என்று பார்த்தீர்கள். பிறகு என்ன செய்தீர்கள்?”

கந்தையா கால் விரலைப் பார்த்தார். “அஞ்சு நாள் பொறுத்தன். அந்த நாளிலை இவ கறிக்கு ரெண்டு தரம் உப்புப் போடுவா, பூட்டுத் திறப்பை அரிசிப் பானைக்குள்ளை வைப்பா. குளிசையையும் மறக்கிறா எண்டு நினைச்சன். சொன்னால் மனம் நோகும். படிப்பிக்கிற ஆள். அதுதான் ஆறாம் நாளிலையிருந்து விடிய ஒரு குளிசையை நுணுக்கிக் கோப்பியிலை கலந்து குடுத்தன்.”

முப்பத்தைந்து நாள். நாற்பதும் முப்பத்தைந்தும் எழுபத்தைந்து. தட்டில் இருபத்தைந்து. கணக்கு டீச்சர் எங்கள் எல்லாரையும் முந்திக்கொண்டு கூட்டி முடித்துவிட்டார். அவர் கணவரைப் பார்த்த பார்வையில் கோபம் புறப்பட்டது, வழியில் எங்கோ நின்றுவிட்டது. கந்தையா தாழ்ந்த குரலில் சொன்னார்:

“மறக்கக்கூடாது எண்டுதான், சரசு. நான் ஒரு நாளும் மறக்கேல்லை.”

பரீட்சை அறையின் ஜன்னல்

டாக்டர் முதலில் சிரித்தார். பிறகு கண்ணாடியைத் துடைத்துவிட்டு, கந்தையாவிடம் கடுமையாகவே பேசினார். உண்பவருக்குத் தெரியாமல் கொடுத்தால் மருந்தை யார் கணக்கு வைப்பது என்றார். இரட்டை அளவு போயிருக்கிறது, ஆகவே ரத்தத்துக்கு இப்போது ஒரு காரணம் தெரிகிறது. அதற்காக வேறு காரணமே இல்லை என்று ஆகிவிடாது. இரண்டு வாரம் பார்ப்போம் என்றார்.

அந்த இரண்டு வாரமும் மொய்தீன் அண்ணன் தொழுகையில் டீச்சருக்காகவும் கேட்டதாகப் பின்னால் சொன்னார். ஒன்பதாம் நாள் ரத்தம் நின்றது. டாக்டர் தொடர்ந்து பல மாதம் சோதித்தும் அது திரும்பவில்லை. ஆனால் வியர்வை திரும்பியது. தூக்கம் போனது. டீச்சர் மாத்திரை இல்லாமலே, கிடைத்த தூக்கத்தில் படித்ததை வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் போனார்.

அன்று மாலை நேராக எங்களிடம் வந்தார். எழுத்துப் பரீட்சை பரவாயில்லையாம். வாய்மொழிப் பரீட்சையில் வயதான ஜப்பானியர் ஒருவர் எதிரில் உட்கார்ந்து கேள்வி கேட்கத் தொடங்கியதும், கழுத்திலிருந்து அந்தச் சூடு ஏறியதாம். மனப்பாடம் செய்த பதில் அத்தனையும் ஆவியாகப் போயிற்று. வாய் தானாகத் திறந்து, அறை சூடாக இருக்கிறது, தயவுசெய்து ஜன்னலைத் திறக்கலாமா என்று பிழையில்லாத ஜப்பானிய மொழியில் கேட்டுவிட்டது. அந்த மனிதர் எழுந்து ஜன்னலைத் திறந்தார். திரும்பி வந்து தாளில் ஏதோ குறித்தார். வேறு கேள்வி கேட்கவில்லை. முடிவு வந்தபோது டீச்சர் தேறியிருந்தார்.

“மூண்டு மாசம் பாடமாக்கினது ஒண்டும் வரேல்லை, பிள்ளை. இந்த உடம்பு கேட்டதுதான் வந்தது.”

மிச்சம் இருபத்தைந்து

பரீட்சை முடிந்ததும் டாக்டர் இன்னொரு விளக்கெண்ணெய் லேபிளை எடுத்துக் கோடு போட்டார். மிச்சமுள்ள மாத்திரையைப் பாதிப் பாதியாக, ஒரே வேளையில், தன் மேற்பார்வையில் கொடுக்கலாம் என்றார். வேண்டுமா என்று டீச்சரையே கேட்டார். டீச்சர் இந்த முறை பேனாவைத் தானே வாங்கிக்கொண்டார். வலப்பக்கத்தில் அக்காவின் பெயர், அதே கேள்விக்குறி, அதற்குக் கீழே ஒன்பது நாள் ரத்தம். இடப்பக்கத்தில் வேலை என்று எழுதப்போய் நிறுத்தினார். வேலை நிலைத்துவிட்டது. அரிசி வருகிறது. தூக்கம் என்று மட்டும் எழுதினார். அந்த ஒற்றைச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சீசாவை என் பக்கம் நகர்த்தினார். அந்த இருபத்தைந்தும் கெப்பாலா பத்தாஸ் பெண்ணுக்குப் போயின. அவள் லேபிளில் இடப்பக்கம் இன்னும் நிறைந்தே இருந்தது.

நாங்களும் ஒரு பாடம் படித்தோம். அதற்குப் பிறகு எங்கள் டிஸ்பென்சரி லேபிளில் மணி எழுதுவதில்லை. படுக்கையை விட்டு எழுந்ததும் ஒன்று, இன்னார் கையால் என்று ஆள் பெயரும் போட்டு எழுதுவேன். டீச்சர் வீட்டில் சுவர்க் கடிகாரம் பழைய நேரத்திலேயே ஓடியது. டீச்சர் எண்பது வயதுவரை வாழ்ந்தார். மார்பிலும் வயிற்றிலும் கடைசிவரை ஒன்றும் இல்லை. மருந்து வாங்குவதற்கு அல்லாமல் சும்மா வந்த ஒரு நாளில் கந்தையா என்னிடம் சொன்னது இது:

“கோப்பி இப்பவும் நான்தான் போடுறன், தங்கச்சி. ஆனால் குடிக்க முன்னம் என்னை ஒரு வாய் குடிக்கச் சொல்லுறா.”

முப்பது ஆண்டுகள் கழித்து என் முறை வந்தது. நான் மணம் செய்துகொள்ளவில்லை. என் வீட்டில் ஒரே கடிகாரம்தான், காப்பியும் நானே ஊற்றிக்கொள்கிறேன், அதில் எந்த வாசமும் வருவதில்லை. அப்போது நான் பார்த்த டாக்டர் சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டு வந்து, பழைய ரசீது ஒன்றைத் திருப்பிக் கோடு போட்டு எழுதினேன். மாத்திரையை ஒரு வருடம் எடுத்தேன், பிறகு மறுபடி எழுதிப் பார்த்து நிறுத்தினேன். தூக்கம் வந்தது, கவிதை வரிகளும் கொஞ்சம் வந்தன.

ஆகவே, என் இனமே, நன்மையை ஒரு பக்கமும் கெடுதலை ஒரு பக்கமும் தெரியாததை அதற்குக் கீழேயும் எழுதி முடித்த பிறகு, உங்கள் வீட்டில் காலைக் காப்பி போடுவது யார், அவர் பார்ப்பது எந்தக் கடிகாரம் என்பதற்கும் அடியில் ஒரு வரி இடம் விட்டு வையுங்கள்.